நட்சத்திரம் போடாத வருஷம்

செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் நான் வேலை பார்த்த தகரக் கொட்டகையில் பெரிய பொருட்களைச் சிறியதாக்குவதுதான் தொழில். கேட்கிறவர்களுக்கு ஏதோ விஞ்ஞானம் மாதிரி இருக்கும். விஷயம் இவ்வளவுதான்: உள்ளே விளக்கு எரிகிற நட்சத்திரம், மான், தாமரை, கல்யாண வளைவு எல்லாம் தட்டையாக மடங்கி அட்டைப்பெட்டிக்குள் போகவேண்டும். பண்டிகை வந்தால் எடுத்து விரிக்க வேண்டும், முடிந்தால் மடக்கிப் பரண்மேல் போட வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு ஒரு தலைவலியும் இருக்கக் கூடாது. நான் படித்தது மெக்கானிக்கல். என்னோடு படித்தவர்களெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்து, ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போய் ஏசியில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கையால் தொட்டுப் பார்க்கிற பொருளோடுதான் ஒத்துப்போகும். அதனால் எனக்குத் தகரக் கூரை கிடைத்தது.

என் கணவர் கண்ணாடிக் கட்டடத்துக்காரர். இருவருக்கும் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். மௌலா அலியில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு. பால்கனியிலிருந்து பார்த்தால் மலையும் அதன்மேல் தர்காவும் தெரியும். காலையில் அவரை கம்பெனி கேப் வந்து அள்ளிக்கொண்டு போகும். நான் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறிப் பாலாநகர் போய்ச் சேருவேன்.

எங்கள் முதலாளி செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர். அவர் தமிழில் பாதி தமிழாக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கட்டிவைத்த பெட்டிகளை அவர் காலால் தட்டிக் காட்டினார்.

"பாரும்மா, ஒவ்வொரு பெட்டிலயும் முக்காவாசி காத்துதான். கண்டெய்னர்ல காத்த ஏத்தி அனுப்பிட்டிருக்கோம். காத்துக்கு எவன் கிராயா, வாடகை குடுப்பான்? நக்கோ, வேணாம். அந்தக் காத்த வெளிய எடு. அதுக்குத்தான் உன்ன கூட்டியாந்தது."

அதற்கு அடுத்த கிறிஸ்மஸ் சமயத்தில் மஸ்கட்டிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு விற்க நட்சத்திரம் வேண்டுமென்றார். காகித நட்சத்திரம் எப்போதும் மடங்குகிற சரக்குதானே என்று உங்களுக்குத் தோன்றும். மடங்கும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அதை ஊதி, மூலைகளை இழுத்து, நூல் கட்டி, பின்பக்கக் கிழிசல் வழியாகக் கையை விட்டு பல்பு மாட்டி, ஏணியில் ஏறி நிற்கும்போது கணவன் மனைவிக்குள் ஒரு சண்டை வந்து முடியும். ஒரு மழைக்குக் கூழாகிவிடும். இவர் கேட்டது வேறு. விளக்குகள் உள்ளேயே பொருத்தியிருக்க வேண்டும். ஒரு கயிற்றை இழுத்தால் குடை மாதிரி விரிய வேண்டும். மழை தாங்க வேண்டும். அடுத்த வருஷத்துக்கு மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டும்.

அப்போது எனக்கு நாலாம் மாதம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். டிசம்பர் பிறந்ததும் வீட்டு முகப்பில் நட்சத்திரம் போட்டுவிடுவோம். ஓலை வேய்ந்த வீடானாலும் போடுவார்கள். போடாத வீடு ஒன்று தெருவில் இருந்தால், அந்த வருஷம் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொடுத்து அனுப்புவார்கள். பாடிக்கொண்டு வருகிற கேரல் கூட்டம் அந்த வாசலில் மட்டும் மேளத்தை நிறுத்தி, மெதுவாக உள்ளே போய், ஜெபம் பண்ணிவிட்டு வரும். அந்த வீட்டுக்காரர்கள் யாரிடமும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. நட்சத்திரம் இல்லாததே எல்லாவற்றையும் சொல்லிவிடும். சின்ன வயதில் அந்த வீடுகளைக் கடக்கும்போது நான் சத்தம் போடாமல் நடப்பேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். மேலே மெழுகுபோல் பிளாஸ்டிக் பூசிய துணி, உள்ளே ஸ்பிரிங் கம்பி, கம்பியோடு சேர்த்துத் தைத்த சின்ன எல்இடி சரம். கஷ்டமெல்லாம் மடங்குகிற இடத்தில்தான். ஒயர் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்து மடங்கினால் உள்ளே செம்பு அறுந்துபோகும். வெளியே பார்த்தால் தெரியாது, விளக்கு மட்டும் எரியாது. அதனால் ஒவ்வொரு மூட்டிலும் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி வளையமாக விட்டேன். இந்த ஒரு வளையத்துக்காக நான் பட்ட பாடு என் கணவருக்கே அலுத்துப்போனது. "ஆபீஸ்ல நாங்க ஒரு பேங்க்கையே நிமித்தி வைக்கோம், நீ ஒரு ஒயர நிமித்துததுக்கு இத்தன நாளா?" என்று கேலி செய்வார். சாப்பிடும்போதுகூட அப்பளத்தை மடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாதிரி தயாரானதும் கொட்டகையில் ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலம் டீ வந்தவுடன் நட்சத்திரத்தை மேசைமேல் வைத்து ஆளுக்கொரு தடவை கயிற்றை இழுப்போம். ‘டப்’ என்று ஐந்து முனையும் விரிந்து விளக்கு பற்றிக்கொள்ளும். தைக்கிற பெண்கள் இழுப்பார்கள், வெல்டிங்காரர் இழுப்பார், வேன் டிரைவர் என்ஜினை அணைக்காமலே ஓடிவந்து இழுப்பார். முதலாளி கடைசியாக இழுத்து, செகந்திராபாத் பாணியில் "ஹவ்!" என்று வியப்பார். அந்த ‘டப்’ சத்தத்துக்கு என் வயிற்றுக்குள் ஒரு உதை விழும். அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் உள்ளே இருப்பதற்குமான தனி விளையாட்டு அது.

இவ்வளவு தடவை இழுத்து விரித்து மடக்கி விரித்ததில் நாங்கள் எல்லோரும் ஒரு காரியத்தை மறந்துபோனோம். அதை மூடிய நிலையில் ஒரு ராத்திரிகூட விட்டுவைக்கவில்லை. ஷட்டரை இறக்கும்போதுகூட விரித்தபடி மேசைமேல் நிறுத்திவிட்டுத்தான் போவோம். காலையில் கதவைத் திறந்ததும் அது நிற்பதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. வருஷத்தில் ஒரு மாதம் விரிந்திருக்கவும் மற்ற மாதமெல்லாம் மடங்கிக் கிடக்கவும்தான் அதைச் செய்கிறோம் என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. மார்ச்சில் முதல் சரக்கை மடக்கி, இறுக்கி, பெட்டியிலிட்டு, கொட்டகையின் பின்பக்கம் அடுக்கினோம். காற்று ஒரு துளி இல்லாமல் அமுக்கி வைத்திருந்தேன். முதலாளி பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை வாயாரப் புகழ்ந்தார்.

ஏப்ரலில் ஒரு நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. வெயிலுக்குத் தூங்குகிறது என்று நினைத்தேன். இனிப்பு சாப்பிட்டால் அசையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சர்க்கரை போட்டுப் பால் குடித்துவிட்டு இடது பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

காய்ச்சலும் ரத்தப்போக்குமாக என் நிலைமை மோசமானதில், மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். நான் சரியாகக் கண்விழிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று எனக்குச் சொன்னது என் கணவர் இல்லை. ட்ரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ், "ஆடபில்லம்மா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் போய்விட்டாள். என் கணவர் ஆபீஸ் நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை. அதனால் ஆராதனை இல்லை, கல் இல்லை, பேர் இல்லை.

"நான் பாக்கவே இல்லையே," என்றேன்.

"நீ பாத்தா தாங்க மாட்டன்னு டாக்டர் சொன்னாங்க. எல்லாம் நான் பாத்துக்கிட்டேன்."

"எப்படி இருந்தா?"

"தூங்கு," என்றார்.

அந்த ஒரு சொல்லோடு அவர் வாய் அடைத்துப்போனது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை அந்தக் கேள்வியை நாக்கு நுனிவரை கொண்டுவந்தேன். கேட்கப்போவது தெரிந்தவுடனே அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க எனக்கு மனசு வரவில்லை. உலகத்தில் என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர், சொல்லக்கூடியவர், அவர் ஒருத்தர்தான். அவரோ சொல்ல மாட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் வீடு துடைத்துவைத்தது மாதிரி இருந்தது. தொட்டிலுக்கென்று எடுத்துவைத்த பழைய வாயில் சேலை, துவைத்து மடித்திருந்த சட்டைகள், கொசுவலைக் கூடாரம், எண்ணெய், சோப்பு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, பரணில் ஏற்றியிருந்தார். டேப் கோணாமல் நேராக ஒட்டியிருந்தது. மனுஷனுக்கு அவ்வளவு நேர்த்தி. எனக்குக் கஷ்டம் வேண்டாமென்று நினைத்துத்தான் செய்தார், எனக்கா தெரியாது? ஆனாலும் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பொருளை மடக்கிப் பரணில் போடுவது என் பிழைப்பு. என் பிள்ளையை மடக்கி வைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை.

மாமியார் ஊரிலிருந்து வந்தார். பத்தியச் சாப்பாடு வைத்தார், உடம்புக்கு வெந்நீர் ஊற்றினார், தலையைத் துவட்டினார். நல்ல மனுஷி. "அழாத தாயி, அடுத்த வருஷமே ஒண்ண தூக்கிருவோம்," என்பார். அவரும் சரி, போனில் விசாரித்த உறவும் சரி, ஒருத்தர்கூட சாவு என்று சொல்லவில்லை. ‘அந்த விஷயம்’ என்பார்கள். ‘ஆஸ்பத்திரி சமயத்துல’ என்பார்கள். என் கணவர் அதுவும் சொல்ல மாட்டார். கேப் வரும், போவார், வருவார், சாப்பாடு நன்றாயிருக்கிறது என்பார். இழவு நடந்த வீட்டில் துக்கம் விசாரிக்க ஒரு ஆள் வரவில்லை. ஏனென்றால் யார் கணக்கிலும் அது இழவே இல்லை.

ஜூனில் கொட்டகைக்குத் திரும்பினேன். தைக்கிற பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே மஸ்கட்காரருக்குப் படம் எடுத்து அனுப்ப முதலாளி ஒரு பெட்டியைப் பிரித்தார். நட்சத்திரத்தை மேசைமேல் வைத்து என்னையே இழுக்கச் சொன்னார். இழுத்தேன். ‘டப்’ வரவில்லை. பிளாஸ்திரியைத் தோலிலிருந்து உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வெயில் காலம் முழுக்கத் தகரத்தின் கீழே அமுங்கிக் கிடந்ததில் துணியின் பூச்சு இளகி, மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் ஒரு பக்கத்தின் சிவப்பு உரிந்து அடுத்த பக்கத்தோடு போய்விட்டது. அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எத்தன தடவ இழுத்தோம்மா! ஒரு தடவகூட ஏமாத்தலையே!"

"இழுத்துப் பாத்தோம் சார். மூடி வச்சுப் பாக்கல," என்றேன்.

திருத்த வேண்டிய வழி பெரிய ரகசியமில்லை. இறுக்கி மடக்கக் கூடாது. மடிப்புக்கு நடுவில் மெல்லிய காகிதம் வைக்க வேண்டும். நான் பெருமையாக வெளியேற்றிய காற்றில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட வேண்டும். அதற்குப் பெட்டி சற்றுத் தடிக்கும்; பெட்டி தடித்தால் கண்டெய்னரில் சரக்கு குறையும். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. வேறு துணி பார்க்கலாம் என்றார், பவுடர் தூவலாம் என்றார், கொஞ்சம் அமுக்கினால் என்ன, எல்லாம் அமுங்கும் என்றார்.

"அமுக்காதீங்க சார்," என்று கத்தினேன். "எத அமுக்கி அமுக்கி மூடி வச்சாலும் இப்படித்தான் ஆகும். பெறகு எவன் வந்து இழுத்தாலும் கிழிஞ்சுதான் வரும்."

தையல் மிஷின்களெல்லாம் நின்றுவிட்டன. நான் நட்சத்திரத்தைப் பற்றித்தான் பேசினேன். நம்புகிறவர்கள் நம்பலாம். முதலாளி, "சரிம்மா, உன் இஷ்டப்படியே பண்ணு," என்று எழுந்துபோனார்.

இந்தத் தடவை சோதனை வேறு மாதிரி. புதிதாக மடக்கிய சில பெட்டிகளைக் கூரையை ஒட்டி, சூடு அதிகம் இறங்குகிற இடத்தில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வெயில் காலம் போய்விட்டதால் பக்கத்தில் ஒரு ஹீட்டரையும் போட்டுவைத்தோம். டீ நேரத்து விளையாட்டு நின்றுபோனது. எல்லோரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டிகளை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு அவற்றைப் பார்த்தாலே மூச்சு முட்டும். ஏறிப்போய் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடலாமா என்றிருக்கும். ஆகஸ்டில் திறந்தோம். ஒட்டவில்லை, ‘டப்’ என்றது. தைக்கிற பெண்கள் கை தட்டினார்கள். என் வயிறு சும்மா இருந்தது. நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் சரக்கு கப்பலேறிவிட்டது. முதலாளி எல்லோருக்கும் ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் சாதாரணமாகக் கேட்டார்.

"ஸ்டார் எப்பப் போடலாம்? இந்த வருஷம் உங்க கம்பெனி ஸ்டாரே போட்டுருவோமா?"

"இந்த வருஷம் போடக் கூடாதுல்லா," என்றேன்.

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? சாவு விழுந்த வீட்டுல ஸ்டார் போடுவாங்களா?"

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டார். "சாவு கீவுன்னு சொல்லாத."

"பின்ன என்னன்னு சொல்லட்டும்? நீங்களே ஒரு பேரு சொல்லுங்க, அதையே சொல்லுதேன்."

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து, "பாக்குறவங்க கேப்பாங்க," என்று மட்டும் சொன்னார்.

"கேக்கட்டும்," என்றேன்.

கேட்கட்டும் என்பதுதான் என் ஆசையே. ‘உங்க வீட்ல யார் செத்தது?’ என்று யாராவது ஒருத்தர் வாசலில் நின்று கேட்க வேண்டும். என் மகள் என்று நான் சொல்ல வேண்டும். செத்தவள் என்று ஒத்துக்கொண்டால்தானே அவள் இருந்தாள் என்று ஆகும்? அவளுக்கென்று எனக்கு மிச்சமிருந்தது நட்சத்திரம் மாட்ட முகப்பில் அடித்த ஒரு வெறும் ஆணி. அதையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அவர் ஊருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். மறுநாள் மாமியார் கூப்பிட்டார்.

"எம்மா, நல்ல நாளும் அதுவுமா வீட்ட இருட்டாப் போட்டு வைக்காத. பெரியாளு யாரும் போனா சரிதான். இது அப்படி இல்லல்லா. ஞானஸ்நானங்கூட ஆவல."

"ஆவலன்னா அவ செத்தது செத்ததில்லன்னு ஆயிருமா அத்தை?"

 "அங்க குளிரு எப்படி இருக்கு?" என்று மாமியார் பேச்சை மாற்றினார். குளிர்தான் என்றேன்.

டிசம்பர் வந்தது. நாங்கள் இருந்த கட்டடத்திலேயே கீழ்வீட்டில் தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் நட்சத்திரம் நவம்பரிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. எதிர்வரிசையில் ஒரு மலையாளி வீட்டில் வரிசையாக மூன்று. எங்கள் பால்கனியில் வெறும் ஆணி. நான் தினமும் வேலையிலிருந்து வரும்போது தெருமுனையில் நின்று அதைப் பார்ப்பேன். இருட்டாகத்தான் இருந்தது. அதைப் படிக்கத்தான் அந்த ஊரில் ஆள் இல்லை.

கீழ்வீட்டம்மாள் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். நட்சத்திரம் எங்கே என்று கேட்டார்: "மீ ஸ்டார் ஏதி?" இந்த வருஷம் போடவில்லை என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். "ஆபீஸ் பிஸியா?" என்று கேட்டு, தங்களிடம் பழையது ஒன்று இருக்கிறது, பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றார். அவர்கள் பக்கம் இந்த வழக்கம் இல்லைபோலிருக்கிறது. கொட்டகையிலும் யாரோ சொல்லிவிட்டார்கள். முதலாளி, "என்னம்மா, டிசைன் பண்ணவ வீட்டுலயே ஸ்டார் இல்லையா?" என்று சிரித்து, பெட்டி ஒன்றை வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினார். நான் அமைத்த பெட்டி, நான் மடக்கிய மடிப்பு. வாசலில் வாங்கிக்கொண்டு, பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தேன். என் கணவர் தினமும் செருப்பைக் கழற்றும்போது அதைப் பார்ப்பார். போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கும். அவர் தொடவில்லை. அதைப்பற்றிப் பேசவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் காலில் முள் குத்தினவர்கள் மாதிரி மெதுவாக நடந்துகொண்டிருந்தோம்.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், செகந்திராபாத்தில் நாங்கள் போகிற தமிழ்ச் சபையின் கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் பக்கம் வந்தது. மௌலா அலியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ் வீடுகள் உண்டு. அங்கே போகிற வழியில் முதல் வீடு எங்களுடையது. விளக்கு வைக்கிற நேரம். கீழே வேன் வந்து நின்று, கிட்டாரும் மேளமும் பாட்டுமாக மாடிப்படி ஏறிவந்தார்கள். சபையில் என் கணவர் யாரோடும் அதிகம் பழகாதவர். நானோ ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. எங்களைப்பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என் கணவர் கதவைத் திறந்தார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டேன்.

முன்னால் வந்தவர் ரயில்வேயில் ரிட்டயரான பெரியவர், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் எங்கள் ஊர்ப்பக்கம். தலையில் சிவப்புக் குல்லா. வாசலுக்கு மேலே பார்த்தார். பிறகு வீட்டுக்குள்ளே, இருட்டாக இருந்த பால்கனிப் பக்கம் பார்த்தார். கையைப் பின்னால் நீட்டி ஒரு தடவை ஆட்டினார். மேளம் நின்றது, படியில் வந்துகொண்டிருந்த பாட்டு ஒவ்வொரு குரலாக அடங்கியது. அவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரு தம்பி?" என்று தணிந்த குரலில் கேட்டார். "ஊர்லயா?"

அந்தக் கேள்விக்கு நான் எத்தனை நாள் பதில் தயாராக வைத்திருந்தேன்! கேட்கப்பட்டபோது சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். என் கணவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, நேரமில்ல, வாங்க’ என்பார். கதவுக்குப் பின்னால் பெட்டிகூடத் தயாராக இருந்தது. அப்படிச் சொல்லிவிட்டால் இந்த மனுஷரோடு இனி எப்படி வாழப்போகிறேன் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மாற்றிச் சொல்லவில்லை.

"ஊர்ல இல்ல," என்றார் அவர். கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "இங்கதான். எங்க மக."

பெரியவர் கேட்டார், "எப்ப?"

"ஏப்ரல்ல."

"என்ன வயசு?"

"வயசெல்லாம் இல்ல சார். பொறக்கும்போதே உயிர் இல்ல."

"ஹவ்..." என்றார் பெரியவர். அடுத்த வருஷம் ஒன்று பிறக்கும் என்று சொல்லவில்லை. கர்த்தருடைய சித்தம் என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றார்.  என் கணவர் தானாகவே மறுபடி பேசினார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"நான் ஒருத்தன்தான் பாத்தேன். கையில வாங்கிப் பாத்தேன். தல நெறைய முடி சார். அவ்வளவு முடி. சுருட்ட முடி, இவள மாதிரி."

என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டி என்னைக் காட்டினார். 

பெரியவர் ஜெபம் பண்ணினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. என் கை தானாகப் போய் என் பின்னலைப் பிடித்துக்கொண்டது. என் மகளுக்குச் சுருட்டை முடி. அன்றைக்குவரை எனக்கு அது தெரியாது.